கள்ளந்திரி ஷட்டரிலிருந்து நத்தம் சாலை வரை: பெரியாறு கால்வாய்க் கரையில் ஒரு கோடை நடை

கரைநடை | மே 25, இரவு 8.10

நேற்று விடியற்காலை கள்ளந்திரியில் இறங்கி, பெரியாறு பிரதான கால்வாயின் கரையைப் பிடித்து மேற்கே நடந்து, நத்தம் சாலைப் பாலத்தில் ஏறினேன். அக்னி நட்சத்திரம் முடிய நான்கு நாள் இருக்கும்போது இது என்ன நடை என்று வீட்டில் கேட்டார்கள். இந்தக் கரையைப் பார்க்க இதைவிட நல்ல பருவம் இல்லை என்பது என் எண்ணம். தண்ணீர் நிரம்பி ஓடும்போது கண் அதிலேயே நின்றுவிடுகிறது. காய்ந்து கிடக்கும்போதுதான் கால்வாய் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, எங்கே வளைகிறது என்றெல்லாம் தெரிகிறது.

அழகர்கோவில் போகும் முதல் பஸ்களில் ஒன்று. அப்பன்திருப்பதி தாண்டியதும் எழுந்து கதவருகே நின்றுகொண்டேன். கள்ளந்திரிப் பாலத்தில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு ஷட்டர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தூணில் கறுப்பும் வெள்ளையுமாக நீர் அளவு தீட்டியிருக்கிறார்கள். அதன் கீழ்ப் பகுதியில் போன பருவத்துப் பாசி காய்ந்து, சுண்ணாம்புச் சுவரிலிருந்து உரியும் பட்டைபோல மடிந்து தொங்கியது. விரலால் தொட்டதும் தூளாக உதிர்ந்தது. தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதை அந்தப் பாசி காட்டுகிற அளவுக்கு எந்த அளவுகோலும் காட்டாது.

நான் இடது கரையில் நடந்தேன். வலப்பக்கம் கால்வாய், அதற்கு அப்பால் மேடு, புளியமரங்கள், தூரத்தில் அழகர்மலை. இடப்பக்கம் சரிவில் வயல்கள். பெரும்பாலும் அறுவடை முடிந்த தாள்தான். கிணறு உள்ளவர்களின் நிலம் மட்டும் பச்சை: தென்னை, கொஞ்சம் கரும்பு, ஓரிடத்தில் மல்லிகைத் தோட்டம். தலையில் துண்டு கட்டிய நான்கைந்து பெண்கள் குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் மொட்டு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். கரைக்குக் கீழே தாள் வயலில் ஆட்டுக்கிடை. வலை கட்டி, நடுவில் ஆடுகள், ஓரத்தில் குட்டிகளை மூடிய கூடுகள். இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி ஒருவர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அறுவடை முடிந்த பிறகு இந்தப் பக்கம் வருகிறார்கள். நிலத்துக்காரர் கிடை போடச் சொல்லிக் கூலி கொடுக்கிறார், ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். "எத்தனை நாள் இங்கே இருப்பீர்கள் ஐயா?" என்று கேட்டேன். கால்வாயைக் கையால் காட்டினார். "இதில் தண்ணீர் வரும் வரைக்கும். தண்ணீர் வந்தால் உழுவார்கள். எங்களுக்கு இடம் கிடையாது" என்றார். மனக்குறையாகச் சொல்லவில்லை, நாள் கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அதுவரை கால்வாயில் தண்ணீர் வருவது எல்லோருக்கும் நல்ல சேதி என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன்.

மேலே போகப் போக, கால்வாய் படியாக இறங்கும் சறுக்கல்களின் அடியில் குட்டைகள் மிஞ்சியிருந்தன. ஒன்றில் மூன்று பையன்கள் துண்டை விரித்துக் கெளுத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். சேறு வெடித்த இடங்களில் நத்தை ஓடுகள். பனைமரத்தடியில் ஒருவர் நுங்கு வெட்டிக் கொடுத்தார். அரிவாளின் நுனியால் மூன்று கண்ணையும் அவர் திறந்த வேகத்துக்கு என் விரல் ஈடுகொடுக்க முடியவில்லை. தோலோடு தின்றேன். கொஞ்சம் துவர்ப்பு, பிறகு இனிப்பு.

நான்கு மணி நேரம் ஆனது. வேகமாக நடப்பவர் இரண்டரை மணியில் முடித்துவிடலாம், ஆனால் அப்படி நடக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே யாராவது கால்வாய் வைகையிலிருந்து பிரியும் பேரணை வரை நடந்திருக்கிறீர்களா?

கொடிக்கால் | மே 25, இரவு 9.32

படித்ததும் என் அப்பத்தாவோடு நடந்த நாள்கள் நினைவுக்கு வந்துவிட்டன. நாங்கள் சோழவந்தான் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சில் கால்வாய் என்றால் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் வரும் வழி. கொடிக்காலுக்குள் வெயில் இறங்காது. அகத்தி மரம் நெருக்கமாக நிற்கும், உள்ளே போனால் குளிர்ந்த காற்றும் ஈரமண் வாசனையும். 2023-ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பத்தா இல்லை. அந்தச் செய்தியைக் கேட்டிருந்தால் ஒரு கவுளி வெற்றிலையைப் பிரித்துத் தெரு முழுக்கக் கொடுத்திருப்பாள்.

ஒருமுறை இந்தப் பக்கமும் வந்து நடங்கள் அண்ணே. தென்கரை, திருவேடகம் எல்லாம் பார்த்துவிட்டு ரயிலிலேயே மதுரை திரும்பிவிடலாம்.

இரண்டு பிள்ளை அம்மா | மே 26, காலை 6.15

ஒன்பது வயதும் ஆறு வயதுமாக எனக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளி திறப்பதற்குள் ஒருநாள் இப்படி அழைத்துப்போக ஆசை. என் மாமியாரும் வருவதாகச் சொல்கிறார், அவருக்கு அறுபத்தாறு வயது. நடக்க முடியுமா? பாம்பு, நாய், தண்ணீர்த் தாகம் எல்லாம் யோசித்துப் பயமாகவும் இருக்கிறது. பெண்கள் மட்டும் போகலாமா?

கரைநடை | மே 26, காலை 7.40

தாராளமாகப் போகலாம் அக்கா. முழுத் தூரமும் வேண்டாம். கள்ளந்திரியில் இறங்கி ஒரு மணி நேரம் போய், அதே வழியில் திரும்புங்கள். கரையில் ஜீப் போகும் அளவுக்கு மண்பாதை இருக்கிறது, பெரியவர்களுக்குச் சிரமம் இராது. ஆறு மணிக்கு முன் தொடங்கி எட்டரைக்குள் பாலத்துக்கு வந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மண் கொதிக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிள்ளைகளுக்கு மோர். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கருவேலமுள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வருகிறது, எனக்கே ஒன்று ஏறியது.

பாதை நடுவில் நடந்தால் பாம்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. புல்லுக்குள் இறங்காதீர்கள். வழியெல்லாம் வேலைக்குப் போகும் பெண்களைப் பார்த்தேன். இரண்டு மூன்று பேராகப் போனால் நல்லது.

மடைக்காரர் | மே 26, மாலை 5.05

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு திருத்தம். நீங்கள் நடந்தது இடது கரை இல்லை, வலது கரை. கால்வாய்க்கு இடம் வலம் சொல்லும்போது தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். நீங்கள் தண்ணீருக்கு எதிராக நடந்ததால் மாறிவிட்டது.

இந்தப் பாசனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். என் அப்பாவும் இதே வேலைதான், அந்தக் காலத்தில் லஸ்கர் என்பார்கள். கால்வாய் ஏன் வளைகிறது என்று காய்ந்த நேரத்தில் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பேரணையில் வைகையை விட்டுப் பிரிந்த தண்ணீர், உயரத்தை விட்டுக்கொடுக்காமல் வர வேண்டும். நேராக வெட்டிக்கொண்டு வந்தால் பள்ளத்தில் இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரை மேலே ஏற்ற முடியாது, அதற்கு மேலே இருக்கும் வயலெல்லாம் வறண்டு போகும். அதனால்தான் மலையடிவாரத்தை ஒட்டி, மேட்டைச் சுற்றிச் சுற்றி, மிக மெல்லிய சரிவில் வருகிறது. மதகுகள் வயல் பக்கத்துக் கரையிலேயே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எதிர்க்கரை மேடு, அங்கே பாய்ச்ச ஒன்றும் இல்லை. மலையிலிருந்து வரும் ஓடைகளைக் கால்வாய்க்கு அடியில் குகை கட்டி அந்தப் பக்கம் விட்டிருப்பார்கள். அடுத்த முறை இறங்கிப் பாருங்கள். கோடையிலும் அதற்குள் குளிர்ச்சியாக இருக்கும்.

இந்தத் தண்ணீர் பிறந்தது மேற்கே பாயும் பெரியாற்றில். 1887 முதல் 1895 வரை பென்னிகுயிக் துரை தலைமையில் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1959-ல் வைகை அணை வரும் வரை அந்தத் தண்ணீர் ஆற்றோடு நேராகப் பேரணைக்கு வந்தது. இப்போது வைகை அணையில் தேங்கி, கணக்குப் பார்த்துத் திறக்கப்படுகிறது. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் வாரத்தில் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு, அதாவது ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் பாசன நிலம். வாடிப்பட்டி வட்டத்தில் 16,452, மதுரை வடக்கு வட்டத்தில் 26,792, மிச்சம் 1,797 ஏக்கர் நிலக்கோட்டை வட்டத்தில். வழக்கமான உத்தரவு வினாடிக்கு 900 கன அடி, 120 நாள். முதல் 45 நாள் தொடர்ந்து, பிறகு 75 நாள் முறை வைத்து, அதாவது விட்டு விட்டு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 900 கன அடி என்பது வினாடிக்கு ஏறக்குறைய 25,500 லிட்டர். பேரணையில் திறக்கும் அளவு அது. மதகுதோறும் பிரிந்து கள்ளந்திரிக்கு வரும்போது குறைந்துவிடும் என்றாலும், ஆளை இழுக்கப் போதும். மேலே பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். சறுக்கலுக்குக் கீழே தண்ணீர் உருண்டு திரும்பி அடிக்கும், உள்ளே போனவனை மேலே விடாது. கரைக் கற்களில் பாசி பிடித்திருக்கும், பிடித்து ஏற முடியாது. என் பணிக்காலத்தில் கரையில் செருப்பும் சட்டையும் மட்டும் கிடந்த காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணிச் சொல்ல மனம் வரவில்லை. எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். நீச்சல் தெரிந்தவர்கள். அம்மா, உங்கள் பிள்ளைகளை இப்போதே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு பாலத்திலிருந்து பார்த்தால் போதும்.

தூரதேசி | மே 27, காலை 11.20

மடைக்காரர் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் மேலூர்ச் சாலையில் வளர்ந்தவன். வேலைக்காக இங்கிலாந்தில், பர்மிங்காமில், இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே கால்வாய்க் கரை நடை என்பது மக்களின் பெரிய பொழுதுபோக்கு. ஆனால் அந்தக் கரையின் கதை வேறு. அந்தக் கால்வாய்கள் பாசனத்துக்கு வெட்டியவை இல்லை, நிலக்கரியும் மண்பாண்டமும் ஏற்றிய படகுகளுக்காக வெட்டியவை. கரையில் குதிரை நடக்கும், கயிறு கட்டிப் படகை இழுக்கும். குதிரை நடந்த அந்த இழுவைப் பாதையில்தான் இன்று ஆள்கள் நடக்கிறார்கள்.

ஒரு பழைய பாலத்தின் அடியில் நான் கண்டதை மறக்க முடியாது. பாலத்தின் மூலைக்கல்லில் விரல் நுழையும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளங்கள். நூறு வருடத்துக்கு மேல் ஈரக்கயிறு உரசி உரசிக் கல்லை அறுத்திருக்கிறது. நம் ஊர்க் கிணற்று மேட்டில் தாம்புக்கயிறு அறுத்த தடத்தை நினைத்துக்கொண்டேன். குறுகிய குகைகளில் குதிரைக்குப் பாதை இல்லாத இடங்களும் உண்டு. குதிரையை மேலே மலைவழியாக ஓட்டிக்கொண்டு போவார்கள். படகில் இரண்டு பேர் மல்லாந்து படுத்து, குகைச் சுவரில் கால் பதித்து, நடப்பதுபோல உதைத்து உதைத்தே படகை மறுபுறம் கொண்டுபோவார்கள்.

கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெயில் வந்தால் ஊரே கரைக்கு வரும். நாமோ வெயில் வருவதற்குள் வீடு திரும்பப் பார்க்கிறோம். கோடை நடை என்ற ஒரே சொல்தான், பொழுது மட்டும் தலைகீழ்.

பெரியாறு கால்வாயில் படகு ஓடியதுண்டா ஐயா?

மடைக்காரர் | மே 27, மாலை 6.30

இல்லை தம்பி, இது பாசனத்துக்காகவே வெட்டிய கால்வாய். வழிநெடுக ஷட்டரும் சறுக்கலும் மறிக்கும், ஆண்டில் பல மாதம் காய்ந்தும் கிடக்கும். படகுக் கால்வாய் பார்க்க வேண்டுமானால் சென்னைப் பக்கம் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. உப்பும் விறகும் அதில் படகில் போனது, ஆள்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். நம் கரையில் நடந்தவர்கள் எல்லாம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகளும் எங்களைப் போன்றவர்களும்தான். ராத்திரி லாந்தர் எடுத்துக்கொண்டு, எந்த மதகில் யார் பலகையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவோம்.

கல்லை அறுத்த கயிறு என்று எழுதினீர்களே, அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

செம்போத்து | மே 28, காலை 8.00

கரைநடை பறவைகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே! வறண்ட கால்வாயில் மிஞ்சிய குட்டைகள்தான் மே மாதத்தில் பறவை பார்க்க நல்ல இடம். பரந்த நீரில் சிதறிக் கிடந்ததெல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும். போன ஞாயிறு ஒரு குட்டையில் பதினோரு மடையான்களை எண்ணினேன். மண்நிறமாகக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பறந்தால் மட்டும் முழு வெள்ளையாகத் தெரியும். வெண்மார்பு மீன்கொத்தி, மின்கம்பியில் பனங்காடை, கரிச்சான். கால்வாய்க்கு மேல் சாய்ந்த கருவேலக் கிளைகளில் தூக்கணாங்குருவியின் பழைய கூடுகள் காய்ந்து தொங்குகின்றன. அவை தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையாகப் பார்த்துக் கட்டுவதே பாம்பும் அணிலும் ஏறாமல் இருக்கத்தான். இப்போது கீழே தண்ணீர் இல்லை, கூட்டிலும் யாரும் இல்லை. மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், நாரைக் கிழித்து எடுத்துவரும் சத்தம் கரையில் நின்றாலே கேட்கும்.

கடைமடை | மே 29, இரவு 10.45

எல்லோரும் ரசித்து எழுதுகிறீர்கள். நான் மேலூர்ப் பக்கத்து விவசாயி. ஒன்றைக் கேட்க வேண்டும். கள்ளந்திரியில் இறங்கியவர் ஏன் மேற்கே திரும்பினார்? கிழக்கேயும் கால்வாய் இருக்கிறது.

மடைக்காரர் ஐயா 45,041 ஏக்கர் கணக்கைச் சரியாகச் சொன்னார். அந்தக் கணக்கு கள்ளந்திரி ஷட்டரோடு முடிகிறது. அதற்குக் கிழக்கே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கர் ஒருபோக ஆயக்கட்டு இருக்கிறது, திருமங்கலம் பக்கம் 19,439. சேர்த்தால் 1,05,002 ஏக்கர். இருபோகத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எங்களுக்கு ஜூனில் தண்ணீர் இல்லை. அணையில் இருப்பு நன்றாக இருந்தால் செப்டம்பரில் திறப்பார்கள். இல்லாவிட்டால் கேட்டுப் போராடி, எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு. நாற்றுப் பாவிவிட்டு அணையின் மட்டத்தைப் பேப்பரில் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள். இன்று எத்தனை அடி என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எனக்கு விவரம் தெரிந்து ஒரு வருடம் நாற்று முப்பது நாளைத் தாண்டிவிட்டது. தண்ணீர் வரும், வரும் என்று பிடுங்காமல் வைத்திருந்தோம். கடைசியில் மாட்டை விட்டு மேய்த்தோம். மாடு அதைத் தின்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நடங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிழக்கேயும் நடங்கள்.

நிழல் | மே 30, காலை 9.10

வருத்தம் புரிகிறது. ஆனால் இது நடையைப் பற்றிய இழை. தண்ணீர்ப் பங்கீட்டை இங்கே கொண்டுவந்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்று நினைக்கிறேன். தனி இழை தொடங்கலாமே.

கடைமடை | மே 30, பகல் 1.25

நீங்கள் நடக்கும் கரையே பங்கீட்டுக்காகப் போட்ட மண். அதை நீக்கிவிட்டு அந்தக் கரையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மடைக்காரர் | மே 30, மாலை 4.50

கடைமடை சொல்வது நியாயம். அந்த ஷட்டரின் சக்கரத்தைக் கையால் சுற்றியவன் நான். மேலேயிருந்து வந்த உத்தரவுப்படிதான் சுற்றினேன். ஆனாலும் ஆனி மாதம் அதை மூடி வைத்துவிட்டுக் கிழக்கே திரும்பிப் பார்த்தால் மனம் சரியாக இருக்காது. வீட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கத்து ஆள்கள் எதிரில் வந்தால் அவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "என்ன அண்ணே, சாப்பிட்டாச்சா" என்பார்கள். அது போதும், அன்றைக்குச் சோறு இறங்காது.

கரைநடை | மே 30, இரவு 9.00

கடைமடை அண்ணே, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மேற்கே பார்த்து நடந்தால் காலை வெயில் முதுகில் விழும், கண் கூசாது. அதனால்தான் திரும்பினேன். ஷட்டரைத் தாண்டிக் கிழக்கே என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. நிழல், நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. இது இந்த இழையின் பேச்சுதான்.

தண்ணீர் திறந்த பிறகு கிழக்கே நடக்க வருகிறேன். நீங்கள் கூட வர முடியுமா?

கடைமடை | மே 31, காலை 5.50

வாருங்கள். டீக்கடையில் நிற்கிறேன்.

இரண்டு பிள்ளை அம்மா | ஜூன் 2, இரவு 8.20

போய் வந்துவிட்டோம்! மாமியார் எங்கள் எல்லோரையும்விட வேகமாக நடந்தார். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையை விட்டு இறங்கி மதுரைக்கு வரும்போது இந்தக் கள்ளந்திரிப் பாலத்தைக் கடந்துதான் போகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். சின்ன வயதில் அவருடைய அப்பா தோளில் உட்கார்ந்து இதே இடத்தில் பல்லக்கைப் பார்த்திருக்கிறாராம். சின்னவள் உடனே கால்வாய்க்குள் எட்டிப் பார்த்து, "அழகர் இதில் இறங்க மாட்டாரா?" என்று கேட்டாள். "அவர் வைகையில்தான் இறங்குவார், இதில் வைகையே இங்கே வருகிறது" என்று மாமியார் சொன்னார்.

ஒரு வருத்தம். பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்துக்குக் கரை முழுக்க உடைந்த மது பாட்டில்கள். பெரியவன் ஒரு சில்லை எடுத்து என்னிடம் நீட்டினான், நல்லவேளை கை கிழியவில்லை. நாங்கள் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம், ஒரு சாக்கு போதவில்லை. தண்ணீர் வந்தால் இதெல்லாம் சேற்றோடு சேற்றாக வயலுக்குப் போகுமே, வெறும் காலோடு நடவு நடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் திறப்பதற்குள் யாராவது வருவீர்களா? சனிக்கிழமை காலை நான் வருகிறேன்.

செம்போத்து | ஜூன் 2, இரவு 9.05

நான் வருகிறேன் அக்கா. கையுறையும் நான்கு சாக்கும் கொண்டுவருகிறேன்.

நிழல் | ஜூன் 2, இரவு 9.40

நானும்.

கரைநடை | ஜூன் 15, மாலை 7.30

இன்று காலை கடைமடை அண்ணனோடு கிழக்கே நடந்தேன்.

தண்ணீர் திறந்து சில நாள்கள் ஆகிவிட்டன. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சத்தம் கேட்டது. மேற்கே கால்வாய் நிறைந்து, பழுப்பு நிறத்தில், இலையும் சுள்ளியும் சுமந்துகொண்டு நின்று நிதானமாக வந்தது. மே மாதம் நான் தொட்ட காய்ந்த பாசி எங்கே என்று தேடினேன், அந்த மட்டம் முழுக்கத் தண்ணீருக்குள். வயல் பக்கம் மதகு வழியாகப் பாய்ந்து, நாற்றங்காலில் வானம் தெரிந்தது. கிடை போட்டிருந்த வயலில் டிராக்டர் தொழி அடித்துக்கொண்டிருந்தது. கீதாரியும் ஆடுகளும் இல்லை. கூடு வைத்திருந்த இடத்தில் வட்டமாகப் புல் வெளுத்திருந்தது, அதுவும் அடுத்த சுற்றில் உழவுக்குள் போய்விடும். அவர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்று டிராக்டர்காரரிடம் கேட்டேன். தெரியாது என்றார்.

கடைமடை அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார், காசு கொடுக்க விடவில்லை. பிறகு பாலத்தைக் கடந்து ஷட்டருக்குக் கிழக்கே இறங்கினோம். இருபது அடிதான் வித்தியாசம். அந்தப் பக்கம் நிறைந்த கால்வாய், இந்தப் பக்கம் வெடித்த தரை. மேற்கே நான் பார்த்த அதே புளியமரங்கள், அதே கருவேலம், அதே மாதிரி மதகுகள். மதகுகளின் பலகைகளில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு மணி நேரம் நடந்தோம். ஒவ்வொரு மதகிலும் நின்று அது எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்த ஊர் அதை நம்பியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்மாய்ப் பெயர்களை அவர் சொன்ன விதம், உறவுக்காரர்கள் வீட்டைக் காட்டிக்கொண்டு தெருவில் போவது போல இருந்தது. ஒரு மதகில் பலகையை அசைத்துப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. "செப்டம்பருக்குள் இதற்கு எண்ணெய் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து ஷட்டருக்கு அடியில் நின்றோம். மூடியிருந்தாலும் கீழ் விளிம்பில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. ஒரு விரல் கனம் இருக்கும். கான்கிரீட்டில் இறங்கி, வெடிப்புக்குள் நுழைந்து, பத்தடி தூரம் ஈரமாக்கிவிட்டு மண்ணுக்குள் காணாமல் போனது. அந்தப் பத்தடியில் மட்டும் புல் முளைத்திருந்தது. நான்கு மைனாக்கள் அதில் இறகை விரித்துக் குளித்துக்கொண்டிருந்தன. அண்ணன் குனிந்து அந்த ஈரத்தில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.